நாய்க்குப் பச்சை இறைச்சியும் எலும்பும் கொடுக்கலாமா? முழுமையான வழிகாட்டி

இறைச்சியை வேகவைத்துக் கொடுங்கள்; எலும்பை வேகவைத்துக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். புதிதாக நாய் வளர்ப்பவர்களில் பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். இறைச்சி இயற்கையாக இருக்கட்டும் என்று பச்சையாக வைப்பார்கள். தங்கள் தட்டில் மிஞ்சிய வெந்த எலும்பைப் பாவம், கடிக்கட்டுமே என்று தூக்கிப் போடுவார்கள்.

இன்னொரு தடுமாற்றம் வரிசையில் வருகிறது. எல்லோரும் கிண்ணத்தில் என்ன போடுவது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் கிண்ணத்துக்கே வர வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே படியுங்கள்.

1. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, காம்பைலோபாக்டர், ஈகோலை போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். பல நாய்கள் இவற்றைத் தின்றுவிட்டு ஒன்றுமே ஆகாதது போல வாலாட்டிக்கொண்டு திரியும். "எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதத்தில் ஓட்டை இங்கேதான். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதன் மலத்தில் கிருமி நாள்கணக்கில் வெளியேறும். தன்னை நக்கிவிட்டு உங்கள் கையையும் நக்கும்.

2010 அக்டோபர் முதல் 2012 ஜூலை வரை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் செல்லப்பிராணி உணவுகளைச் சோதித்தது. பச்சை இறைச்சி உணவில் 196 மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் 15-ல் சால்மோனெல்லா இருந்தது, 32-ல் லிஸ்டீரியா இருந்தது. இவை எங்கோ கிடந்த கழிவு இறைச்சி அல்ல. நாய், பூனைகளுக்கென்றே பொட்டலம் போட்டு விற்றவை.

5 வயதுக்குக் குறைந்த குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் ஆகியோரில் ஒருவர் வீட்டில் இருந்தாலும் பச்சை இறைச்சிப் பேச்சையே எடுக்காதீர்கள். லிஸ்டீரியா கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்து கருவையே கலைத்துவிடக்கூடியது. தவழும் குழந்தை நாய் சாப்பிட்ட இடத்தில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது.

பூனையும் இருக்கிறதா? 2024-ல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் கிருமி கலந்த பச்சை உணவைத் தின்று பூனை இறந்தது உறுதியானது. நாயை விடப் பூனைக்கு அந்த நோயில் ஆபத்து அதிகம். நாயின் கிண்ணத்தில் பூனை வாய் வைக்காத வீடு அரிது.

2. நாய் எப்படிப்பட்டது?

குட்டி, வயதான நாய், ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கும் நாய், கணைய அழற்சி வந்து தேறிய நாய் ஆகியவற்றுக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். முதல் மூன்றுக்கும் கிருமியைத் தாங்கும் வலு குறைவு. கடைசியாகச் சொன்னதற்குக் கொழுப்பே எமன். வேகவைத்தாலும் கொழுப்பை நீக்கித்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் நாய் மெல்லும் நாயா, விழுங்கும் நாயா என்று பாருங்கள். ஒரு முழு கேரட்டை ஒரு முனையில் கையால் பிடித்துக்கொண்டு நீட்டினால் தெரிந்துவிடும். கடைவாய்க்குக் கொண்டுபோய் நறநறவென்று கடித்தால் அது மெல்லும் வகை. இரண்டே கடியில் உடைத்து, தலையை மேலே தூக்கி, அப்படியே தொண்டைக்குள் தள்ளினால் அது விழுங்கும் வகை. விழுங்கும் நாய்க்கு எந்த எலும்பும் கிடையாது. 7-ஆம் படி அதற்குப் பொருந்தாது.

சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமும் நாய்க்கும் அப்படியே. எலும்பு கிடைத்தால் அந்த உறுமல் கடியில் முடியும்.

3. எந்த இறைச்சி, எந்தப் பாகம்?

ஆடு, மாட்டின் பச்சை ஈரலும் நுரையீரலும்தான் எனக்கு அதிகம் கவலை தருபவை. அவற்றுக்குள் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் வளர்ந்து, சில வாரங்களில் மலத்தோடு முட்டைகளை வெளியேற்றும். நாயிடம் ஒரு அறிகுறியும் தெரியாது. அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகிப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும். அதனால் உள்ளுறுப்பு என்றாலே நன்றாக வேகவைத்த பிறகுதான். வெந்த ஈரலையும் மொத்த உணவில் 5 சதவீதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே நஞ்சு.

பன்றி இறைச்சியைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. தசைக்குள் சுருண்டு கிடக்கும் டிரைக்கினெல்லா புழு ஒரு காரணம். பன்றிகளிடமிருந்து வரும் ஆஜெஸ்கி வைரஸ் இன்னொன்று. அது நாயைத் தாக்கினால் பிழைப்பது அரிது.

கோழிக் கழுத்து சின்னதாக, மென்மையாக இருப்பதால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, பின்னங்காலில் தொடங்கி மேலே பரவும் ஒரு நரம்பு வாதத்தைப் பச்சைக் கோழி தின்பதோடு தொடர்புபடுத்தியது. அந்த வாதம் வந்த நாய்களிடம் காம்பைலோபாக்டர் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மற்ற நாய்களை விட 9 மடங்குக்கு மேல் இருந்தது.

மாட்டின் தொண்டைப் பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பி அதோடு ஒட்டி வந்து, நாயின் ரத்தத்தில் தைராய்டு அளவை ஏற்றிவிடும். வேட்டை இறைச்சியும் வேண்டாம். ஈயத் துகள் இருக்கலாம். பச்சை மீனும் வேண்டாம். சில மீன்களில் உள்ள நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், வெந்தால் அந்த நொதியே செயலிழந்துவிடும்.

4. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நாய் உணவுக்கென்று தனிக் கத்தியும் தனிப் பலகையும் வேண்டும். மூடி இறுக்கமாக உள்ள டப்பாக்கள், எவர்சில்வர் கிண்ணம், சமையலறைத் தராசு, முடிந்தால் உணவின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர். பிளாஸ்டிக் கிண்ணத்தில் நாயின் பல் பட்டுக் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் போன கொழுப்பும் கிருமியும் தேய்த்தாலும் வராது.

இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, எண்ணை போனில் சேமித்துவிடுங்கள். எலும்பு சிக்குவது பெரும்பாலும் விருந்து முடிந்த இரவில்தான்.

5. வேகவைப்பது

உறைந்த இறைச்சியை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்தால் உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். அடித்தட்டு ஏன்? சொட்டினால் மற்ற உணவின் மேல் சொட்டாது.

குழாயடியில் பிடித்துக் கழுவ வேண்டாம். கழுவுவதால் கிருமி போகாது. தொட்டி, குழாய், பக்கத்தில் உள்ள தட்டு என்று தெறித்துப் பரவும். ரத்தம் வடிந்திருந்தால் காகிதத்தால் ஒற்றி எடுத்து அந்தக் காகிதத்தை மூடிய குப்பையில் போடுங்கள்.

எலும்பை நீக்கி, கொழுப்பைச் செதுக்கி, ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, மூழ்கும் அளவுத் தண்ணீரில் வேகவையுங்கள். பெரிய துண்டும் சிறிய துண்டும் கலந்திருந்தால் சிறியது வெந்து குழையும்போதும் பெரியதன் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். கோழிக்கு நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். மற்ற இறைச்சியைக் கொத்தியிருந்தால் 71 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஆகப் பெரிய துண்டை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரியக்கூடாது, கசியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும்.

உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேராது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் அந்தக் குணம் போகாது. ஆகவே உங்களுக்காகச் செய்த குழம்பிலிருந்து துண்டைக் கழுவி எடுத்து வைப்பதும் சரிவராது.

எலும்போடு வேகவைத்திருந்தால், கைபொறுக்கும் சூட்டில் ஒவ்வொரு துண்டையும் விரலால் பிய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஊசி எலும்பு விரலுக்குத் தப்பாது. ஆறியபின் இந்த வேலையைச் செய்தால் கொழுப்பு உறைந்து சின்ன எலும்புகளை மூடிவிடும்.

6. எலும்பு இல்லாவிட்டால் கால்சியத்துக்கு என்ன செய்வது?

எலும்பு கொடுப்பவர்கள் சொல்வதில் நியாயமான காரணம் இதுதான். எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சியில் கால்சியம் 0.1 கிராம் அளவுக்கே இருக்கும். பாஸ்பரஸோ 2 கிராம். நாயின் உணவில் இரண்டும் சம அளவாகவாவது இருக்க வேண்டும், கால்சியம் சற்றுக் கூடினால் நல்லது. வெறும் இறைச்சியாகவே மாதக்கணக்கில் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைந்து, குதித்தாலே எலும்பு முறியும் நிலை வரும்.

இறைச்சி நாளின் மொத்த உணவில் 10 சதவீதத்துக்குள் இருந்து, மீதி முழுச்சத்துள்ள நாய் உணவாக இருந்தால் கால்சியத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேல் போனால் முட்டை ஓட்டுப் பொடி போதும், எலும்பு தேவையில்லை. ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மாவு போல அரையுங்கள். நறநறவென்று இருந்தால் மீண்டும் அரையுங்கள். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு ஒரு கிலோ எலும்பில்லா இறைச்சிக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டிப் பொடி.

குட்டிக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அதிலும் பெரிய இனக் குட்டிக்கு. அவற்றின் உடலுக்குக் கூடுதல் கால்சியத்தை உறிஞ்சாமல் ஒதுக்கத் தெரியாது. குறைந்தாலும் எலும்பு கோணும், கூடினாலும் கோணும். குட்டிகளுக்கென்று தயாரித்த உணவையோ மருத்துவர் எழுதித் தரும் அளவையோதான் பின்பற்ற வேண்டும்.

கால்சியம் சரியானால் உணவு முழுமையாகிவிட்டது என்றும் பொருளில்லை. துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் பாக்கி. வீட்டுச் சமையலையே முழு உணவாக்க நினைத்தால் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவரிடம் ஒருமுறை கணக்கு எழுதி வாங்கிவிடுங்கள்.

7. எலும்பு

வெந்த எலும்பு எந்த வடிவிலும் வேண்டாம். சூடு பட்டதும் எலும்புக்குள் உள்ள கொலாஜனும் ஈரமும் போய் அதன் வளையும் தன்மை போய்விடும். கடித்தால் நசுங்காமல் ஊசி ஊசியாகச் சிதறும். சுட்டது, பொரித்தது, புகையில் வாட்டிக் கடையில் பொட்டலமாக விற்பது எல்லாம் இதில் அடக்கம்.

"குக்கரில் குழைய வைத்தால்?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். மெல்லிய எலும்பு மாவாகும். அதே பாத்திரத்தில் தொடை எலும்பின் தண்டு அப்படியே நிற்கும். ஒவ்வொரு துண்டையும் நசுக்கிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களை நான் கண்டதில்லை. சாறு வேண்டுமானால் எலும்பை வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். எலும்பு குப்பைக்கு. அந்தக் குப்பைக்கு மூடி இருக்கட்டும். மருத்துவமனைக்கு எலும்போடு வரும் நாய்களில் பல, குப்பைத் தொட்டியில் தாங்களே எடுத்துத் தின்றவை.

பச்சை எலும்பு பாதுகாப்பானதா என்றால், இல்லை. வெந்ததை விட ஆபத்து குறைவு, அவ்வளவுதான். சிதறுவது குறையும், பல் உடைவதும், சிக்குவதும், கிருமியும் அப்படியே இருக்கும். என் யோசனை, கொடுக்காமல் விடுவதே. கொடுத்தே தீருவேன் என்றால் கீழே சொல்வதில் ஒன்றையும் விடாதீர்கள்.

நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு இருக்க வேண்டும். நாய் சிறியது என்று சிறிய எலும்பைத் தேர்வதுதான் வழக்கமான தவறு. தின்பதற்காக அல்ல, கொறிப்பதற்காகவே கொடுக்கிறோம். விழுங்க முடியாத அளவே அதன் பாதுகாப்பு.

மாட்டின் கால் எலும்பு வேண்டாம். அத்தனை எடையைத் தாங்கிய எலும்பு பல்லை விடக் கெட்டி. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லில் வெளிப்பக்கம் ஒரு பட்டையாகப் பெயர்ந்து வந்துவிடும். சாப்பிடுவதை நிறுத்தாததால் வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் தெரியும். கட்டைவிரல் நகத்தை எலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். தடம் விழாத எதுவும் நாயின் பல்லுக்கு ஆகாது. எலும்பு மட்டுமல்ல, மான்கொம்பு, குளம்பு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

வளையமாக அறுத்த நல்லி எலும்பும் வேண்டாம். மஜ்ஜையை நக்கும் ஆசையில் நாய் கீழ்த்தாடையை உள்ளே விடும். வளையம் கோரைப் பற்களைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். திரும்பி வராது. நாய் மிரண்டு தலையை உதறும், கன்னம் வீங்கும், மயக்க மருந்து கொடுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். பசியில் இருக்கும் நாய் மெல்லாது, விழுங்கும். 10 முதல் 15 நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எலும்பின் முனை தேய்ந்து விழுங்கும் அளவுக்கு வந்துவிடும். திரும்ப வாங்கும்போது எலும்பைப் பிடித்து இழுக்காமல், அதைவிடப் பிடித்த ஒரு வெந்த இறைச்சித் துண்டை நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பழக்கினால், அடுத்த முறை நீங்கள் நெருங்குவதைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கும். இரண்டு நாய்கள் இருந்தால் இரண்டு அறைகள்.

8. இறைச்சியையும் பச்சையாகவே கொடுப்பவர்களுக்கு

1, 2, 3 படிகளைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் இது.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சில ஒட்டுண்ணிகள் சாகும். 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத பன்றி இறைச்சியை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் டிரைக்கினெல்லா அழியும். ஆனால் காட்டு விலங்குகளில் உள்ள சில வகைகள் குளிருக்கு அசையாது. பாக்டீரியாவோ உறைந்து தூங்கும், உருகியதும் எழுந்துவிடும். உறையவைத்து உலர்த்திய பொட்டல உணவுக்கும் இது பொருந்தும்: பிஸ்கட் போல இருந்தாலும் அது பச்சை இறைச்சிதான்.

கொத்துக்கறி வேண்டாம், முழுத் துண்டு வாங்குங்கள். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது உள்ளே எங்கும் கலந்துவிடும்.

கிண்ணத்தைக் கழுவித் துடைக்க வசதியான தரையில் வைத்து, நாய் வாயெடுத்ததும் எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு சாப்பிடட்டும் என்று விடக்கூடாது. முதலில் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, அதன்பிறகு நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து அலசுங்கள். வரிசை மாறினால் பிளீச் கொழுப்போடு மல்லுக்கட்டி வலுவிழந்துவிடும். நாயின் வாயைத் துடைத்துவிடுங்கள், அன்றைக்கு முகத்தை நக்கவிடாதீர்கள். மலத்தை உடனே அள்ளி, கையை 20 விநாடி சோப்பால் கழுவுங்கள்.

9. மாற்றும் வேகம்

ஒரே நாளில் மாற்றினால் பேதி வர வாய்ப்பு அதிகம். பிறகு எதனால் பேதி, கெட்ட இறைச்சியா, திடீர் மாற்றமா என்று கண்டுபிடிக்க முடியாது. கால் பங்கு, அரை, முக்கால் என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வகை இறைச்சி. ஒவ்வாமை இருந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

10. கோளாறு வந்தால்

எலும்பை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே இறங்கும்போது கிழிக்காத முனை திரும்பி வரும்போது கிழிக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்த சிறு துண்டு பெரும்பாலும் அமிலத்தில் கரையும். உணவுக்குழாயில் நின்றதுதான் உண்மையான அவசரம். நிற்காமல் எச்சில் வடிப்பது, சும்மா சும்மா விழுங்குவது, குடித்த தண்ணீரே அப்படியே திரும்பி வருவது இதன் அடையாளம். காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். முன்னங்காலால் வாயைப் பிறாண்டினால் மேலண்ணத்தில் குறுக்கே ஏதோ மாட்டியிருக்கும். வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

மீண்டும் மீண்டும் வாந்தி, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, முக்கி முக்கி ஒன்றும் வராதது, மலத்தில் ரத்தம் எல்லாவற்றுக்கும் அன்றே எக்ஸ்ரே. மலம் வெளுத்து, சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன எலும்பு, வெந்ததா பச்சையா, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அதே எலும்பின் மிச்சத் துண்டு இருந்தால் ஒரு பையில் எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் எதைத் தேடுவது என்று தெரியும். பச்சை இறைச்சி கொடுப்பதைத் திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் சால்மோனெல்லாவை யாரும் சோதிக்க மாட்டார்கள். நாய்க்குப் பேதி இருக்கும் அதே வாரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், அவர் பார்க்கும் மருத்துவரிடமும் நாய் என்ன சாப்பிட்டது என்பதைச் சொல்லிவிடுங்கள்.